சட்டப்பைக்கு கொஞ்சம் பெருசு, கூந்தன்குளத்துக்கு சரி: கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ், ஒரு வருச அனுபவம்

மொதல்லயே சொல்லிருதேன், நான் போட்டோகிராபர் இல்ல. பாளையங்கோட்டைல ஒரு பெயிண்ட் கடைல கணக்கு எழுதுத ஆளு, ஞாயித்துக்கெழம விடிஞ்சா பைக்க எடுத்துட்டு குளம் குளமா சுத்துவேன், அவ்வளவுதான். பெரிய கேமராவும் கை நீளத்துக்கு லென்சும் வாங்க ஆச இருந்துச்சு, ஆனா அந்த லென்சு வெலைக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு காரே வாங்கிரலாம்னு தெரிஞ்சதும் ஆச தானா அடங்கிட்டு. அந்த நேரம் பாத்து மஸ்கட்ல இருக்க அத்தான் லீவுக்கு வந்தாங்க, அவங்க பெட்டிக்குள்ள துணிக்கு அடில கெடந்ததுதான் இந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ். "எனக்கு போனே போதும் மாப்ள, நீ வச்சுக்கோ"ன்னாங்க, நானும் கண்ணு கலங்கி நிக்கேன், அப்புறம் பைய "ஒரு 18,000 போட்டுவிட்டுரு"ன்னாங்க. சரி, சொந்தம்னா அப்படித்தான். போட்டுவிட்டேன்.

ஒரு வருசம் ஆச்சு. கடைல வாரவங்க, கூட சுத்துதவங்க, சொந்தக்காரங்க எல்லாம் "இது வாங்கலாமா, எப்படி செட்டிங் வைக்கது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிருதேன்.

இது 2018ல வந்த மாடல். 20.3 மெகாபிக்சல், 40 எக்ஸ் ஜூம், பேட்டரியோட சேத்து 300 கிராமுக்கு ஒரு கிராம் கம்மி. சட்டப்பைல போட்டா போவும், ஆனா சட்ட ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும், குனிஞ்சா கீழ விழும். பேண்ட் பாக்கெட்தான் சரி.

40 எக்ஸ்னு கேட்டவுடனே நம்மாளுங்க 'பொருள் 40 மடங்கு பெருசா தெரியும்'னு நெனைக்காங்க. அப்படி இல்ல. ஜூமோட கடைசி அளவ மொத அளவால வகுத்தா வார எண்ணு அது. இதுல ஆரம்பம் 24 மில்லிமீட்டர், முடிவு 960, வகுத்தா 40. அந்த 24, 960 கூட பழைய ஃபிலிம் கேமரா கணக்குக்கு மாத்திச் சொல்லுததுதான், லென்சோட நெச அளவு 4.3ல இருந்து 172 மில்லிமீட்டர் வரைக்கும். உள்ள இருக்க சென்சார், அதான் வெளிச்சத்த வாங்கி படமாக்குத சில்லு, அவ்வளவு சின்னது, அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், ஒசரம் நாலர, ஏறக்கொறைய ஒரு தொவரம்பருப்பு சைஸ்னு வச்சுக்கோங்க. பருப்பு சைஸ்ல இருக்கதாலதான் 960ங்கது உள்ளங்கைக்குள்ள அடங்குது, அதே காரணத்தாலதான் இருட்டுனா கேமரா படுத்துருது. இத பத்தி நான் சொல்லப்போற நல்லதும் கெட்டதும் எல்லாமே அந்த பருப்புல இருந்து வாரதுதான்.

மொத நாள் கொண்டு போனது கூந்தன்குளத்துக்கு. பாளையங்கோட்டைல இருந்து மூலைக்கரைப்பட்டி வழியா போனா காலைல டீ குடிச்சுட்டு கெளம்புனாலும் வெயில் ஏறதுக்குள்ள போயிரலாம். 1994ல சரணாலயம் ஆக்குனது, 2022ல ராம்சார் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட பட்டியல், சேந்துட்டு, மணிமுத்தாறு அணைத்தண்ணி கால்வாய்ல வந்து நெறையுத குளம். அங்க விசேஷம் என்னன்னா பறவைக குளத்துல மட்டும் நிக்காது, ஊருக்குள்ள வீட்டு முத்தத்து மரத்துலயே கூடு கட்டும். எச்சம் ஓட்டு மேல விழுந்து நாறுனாலும் சனம் ஒண்ணும் சொல்லாது, தீவாளிக்கு வெடி போடாத ஊரு அது.

ஒரு வேப்பமரத்துல மஞ்சள் மூக்கு நாரை கூடு நாலஞ்சு இருந்துச்சு. நான் ரோட்டுலயே நின்னு ஜூம் பண்ணி எடுத்துக்கிட்டு இருக்கேன், திண்ணைல இருந்த பாட்டி ஒருத்தங்க எந்திச்சு வந்து "எய்யா, என்னத்த பிடிக்க, காட்டு பாப்போம்"ன்னாங்க. காட்டுனேன். பாட்டி ஸ்கிரீன கண்ணுகிட்ட வச்சு, தூர வச்சு, முந்தானையால ஒரு தொட தொடச்சு பாத்தாங்க. பாத்துட்டு கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: "வால்கிட்ட ரோசு இருக்குமே, அத எங்க? ஒரே சுண்ணாம்பால்லா இருக்கு."

மரத்த பாத்தேன், நெசமாவே அந்த நாரைக்கு வால் பக்கத்து எறகெல்லாம் நல்ல ரோஸ் கலர். படத்த பாத்தேன், வெள்ளையடிச்ச செவரு மாதிரி இருக்கு. எல்லாத்தையும் கேமராவே முடிவு பண்ணுத ஆட்டோ மோடுல வச்சு எடுத்திருந்தேன்ல. பறவைக்கு பின்னாடி இருக்க இருட்டான எலையும் கெளையும்தான் கேமராவுக்கு பெருசா தெரிஞ்சிருக்கு, அத வெளிச்சமாக்குதேன்னு பறவைய எரிச்சுப்போட்டு. நாரைன்னு இல்ல, கொக்கு, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன்னு வெள்ளையா எத எடுத்தாலும் இதே கததான். இதுல ரா ஃபைல், அதான் சென்சார் பாத்தத அப்படியே பச்சையா வைக்க ஃபைல், கெடையாது, சுருக்கி வைக்க ஜேபெக்தான், எரிஞ்ச வெள்ளைய வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல மீட்டுரலாம்னு நெனச்சா நடக்காது. எடுக்கும்போதே சரியா எடுக்கணும்.

அதுக்கு வழி ரொம்ப சுளுவு. டயல ஆட்டோல இருந்து பி-க்கு திருப்புங்க, அதுவும் ஆட்டோ மாதிரிதான், ஆனா நாம திருத்த விடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், படத்த வெளிச்சமாவோ இருட்டாவோ ஆக்குத அந்த பிளஸ் மைனஸ் போட்ட பட்டன், அத மூணுல ரெண்டு பங்கு மைனஸ்ல வைங்க. கரும்பச்ச தண்ணிக்கு முன்னாடி வெள்ளக் கொக்குன்னா மைனஸ் ஒண்ணு கூட போலாம். இதுக்கு நேர் எதிர், கூழைக்கடா தலைக்கு மேல பறக்கும்போது. பின்னாடி வெளுத்த வானம், கேமரா பயந்துபோய் எல்லாத்தையும் இருட்டாக்கும், பறவை காக்கா மாதிரி கருப்பா விழும். அப்ப பிளஸ் ஒண்ணு. இந்த ஒரே பட்டன மட்டும் கத்துக்கிட்டா போதும், மத்த செட்டிங் எதையும் தொடலன்னாலும் பாதி படம் தேறிரும். எனக்கு இத சொல்லித்தந்தது வீடியோவோ மேனுவலோ இல்ல, அந்த பாட்டிதான்.

அப்புறம் வாங்குன அன்னைக்கே மெனுக்குள்ள போய் அணைக்க வேண்டியது சிலது இருக்கு. மொதல்ல டிஜிட்டல் ஜூம். இது ஆன்ல இருந்தா ஜூம் 40ல நிக்காம 80, 160ன்னு ஓடிக்கிட்டே இருக்கும், ஊர்ப்பய எல்லாம் வாயப் பொளப்பான், ஆனா அது ஜூமே இல்ல, எடுத்த படத்த வெட்டி இழுத்து பெருசாக்குதது. புரோட்டா மாவ வீசி இழுத்தா பெருசாவும், மாவு கூடுமா? அதான் இது. ரெண்டாவது, இருட்டுல போக்கசுக்கு அடிக்க வெளக்கு, ஏஎஃப் பீம்னு இருக்கும், கூட்டுக்கிட்ட போய் அத பறவை மூஞ்சில அடிக்கது பாவம், அணைச்சிருங்க. சவுண்டும் மியூட். பிளாஷ் பத்தி கவலையில்ல, நாம தட்டிவிட்டாதான் அது மேல வரும், தானா எந்திரிக்காது.

அந்த டயல்ல ஹைபிரிட் ஆட்டோன்னு ஒண்ணு இருக்கு, அதுல கொஞ்சம் சாக்கிரதையா இருங்க. ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் ரெண்டு மூணு செகண்ட் வீடியோ தானா பிடிச்சு வச்சிருக்கும், நாள் முடிஞ்சதும் எல்லாத்தையும் கோத்து ஒரு குட்டிப்படம் ஆக்கித் தரும். ஐடியா நல்லாதான் இருக்கு. ஆனா எனக்கு இது தெரியாம தங்கச்சி வளைகாப்புல டயல் அங்க போய் நின்னுருக்கு, அன்னைக்கு ராத்திரி டிவில போட்டு எல்லாரும் உக்காந்து பாக்கோம், வளையல் போடுத ஒவ்வொரு ஆச்சிக்கு முன்னாடியும் என் கொரல்ல "எலே சாம்பார் வந்துட்டாலே", "அந்த மாமாக்கு மொதல்ல எல போடு", "சவத்த, நேரா நிக்காளா பாரு"ன்னு வருது. கடைசியா சொன்னது யாருக்குன்னு மாமியார் இன்னும் கேக்காங்க.

ஜூம் விசயத்துக்கு வாரேன். 960ல வச்சு ஒரு மீன்கொத்திய தேடுதது ஊசிக்காது வழியா ஊரப் பாக்க மாதிரி. பறவை ஒரு கெளை தள்ளி உக்காந்தா போச்சு, எங்க இருக்குன்னே தெரியாது, வானமும் எலையுமா ஓடும். அதுக்குன்னு பின்பக்கம் ஒரு பட்டன் வச்சிருக்கான், ஃபிரேமிங் அசிஸ்ட். அத அமுக்கிப் பிடிச்சா ஜூம் தானா பின்னாடி வந்து பெரிய காட்சி தெரியும், நடுவுல ஒரு வெள்ளக் கட்டம் போட்டு 'நீ பாத்துக்கிட்டு இருந்தது இந்த எடம்'னு காட்டும், கட்டத்துக்குள்ள பறவைய கொண்டாந்துட்டு வெரல எடுத்தா பழைய ஜூமுக்கே போயிரும். இந்த கேமராவுல எனக்கு ரொம்ப பிடிச்ச பட்டன் இதுதான், வேற எது போனாலும் இது போவக்கூடாது. போக்கஸ் கட்டத்த முகம் தேடுத மோடுல இருந்து மாத்தி நடுவுல ஒரே பாயிண்ட்ல வச்சுக்கோங்க, இல்லன்னா முன்னாடி ஆடுத கருவேல முள்ளுக்கு போக்கஸ் பண்ணிட்டு பறவைய மங்கலா விட்டுரும்.

பறக்கதுக்கு டிவி மோடு. இது பொட்டி டிவி இல்ல, ஷட்டர் வேகத்த நாம முடிவு பண்ணுத மோடு. உக்காந்திருக்க பறவைக்கு செகண்ட்ல 250ல ஒண்ணு போதும், கை ஆட்டத்த லென்சுக்குள்ள இருக்க ஸ்டெபிலைசர் பாத்துக்கிடும். பறந்தா 1000த்துல ஒண்ணாவது வேணும், இதோட உச்சம் 3200ல ஒண்ணு. அமுக்கிப் பிடிச்சா வரிசையா எடுக்க பர்ஸ்ட்ல வச்சா போக்கஸ பூட்டிக்கிட்டு செகண்டுக்கு 10 படம், பறவை கூடவே போக்கஸ் ஓடணும்னா 7 சொச்சம் அடிக்கும். நாரை மாதிரி மெதுவா ரெக்க வீசுதத பிடிக்கலாம், தைலான் குருவி எல்லாம் நடக்காது, முயற்சி பண்ணி கோட்டி பிடிக்காதீங்க. ஏவி மோடுன்னு பக்கத்துல ஒண்ணு இருக்கும், லென்சோட கண்ணு, அதான் வெளிச்சம் உள்ள போற ஓட்டை, எவ்வளவு தொறக்கணும்னு நாம வைக்கது, அந்த அளவுதான் எஃப், எண்ணு கூடுனா ஓட்டை சின்னதாவும். அத நான் தொடுததே இல்ல, ஏன்னா 960ல கண்ணு அதிகபட்சம் எஃப் 6.9 வரைதான் தொறக்கும், குறைச்சா 8. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்னத்த பெருசா வெளையாட?

ஆனா இம்புட்டு செட்டிங் வச்சும் ஒரு மாசம் எனக்கு படம் மங்கலாவே வந்துச்சு. ஸ்டாண்ட் போட்டேன், ஸ்டாண்ட்ல வச்சா ஸ்டெபிலைசர அணைக்கணும்னு அணைச்சேன், கை படாம இருக்க ரெண்டு செகண்ட் டைமர் வச்சேன், ஒண்ணும் உதவல. லென்சு போச்சோ, அத்தான் தலைல கட்டிட்டாங்களோன்னு மஸ்கட்டுக்கே போன் போட்டு சண்டைக்கு நின்னேன். அப்புறம் ஒரு நாள் படத்தையும் நேரத்தையும் சேத்து வச்சு பாக்கேன், ஏழு மணிக்கு எடுத்தது கண்ணு முழி வரைக்கும் தெளிவா இருக்கு, பத்தர மணிக்கு எடுத்தது அதே எடத்துல, அதே பறவை, தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாதிரி நெளியுது. கோளாறு கேமராவுல இல்ல, காத்துல. நம்ம ஊரு வெயில் ஏறிட்டா கரையும் தரையும் சூடாகி காத்து மேல எழும்பி நடுங்கும், தார் ரோட்டுல கானல் ஓடுமே அதேதான், தூரத்துல இருக்கத ஜூம் பண்ணும்போது அந்த நடுக்கத்தையும் சேத்துல்லா பெருசாக்குதோம். இதுக்கு எந்த கம்பெனி லென்சுலயும் மருந்து கெடையாது. ஒம்பது மணிக்கு மேல நான் குளத்துக்கு நடுவுல இருக்கத எடுக்கத விட்டுட்டேன், கரைல கிட்ட நிக்க நெடுங்கால் உள்ளான் அது இதுன்னு எடுப்பேன், இல்லன்னா மூலைக்கரைப்பட்டி வந்து தோச சாப்ட்டுட்டு வீட்டுக்கு போயிருவேன். அத்தான்கிட்ட மன்னிப்பு கேட்டேன், சிரிச்சாங்க, காசு ஒண்ணும் திருப்பித் தரல.

வெயிலால வார இன்னொரு தொல்ல ஸ்கிரீன். கண்ண வச்சு பாக்க வியூஃபைண்டர் இதுல கெடையாது. சித்திர மாச வெயில்ல ஸ்கிரீன் வெறும் கண்ணாடி மாதிரி நம்ம மூஞ்சியதான் காட்டும், பறவை தெரியாது. பிரைட்னஸ் முழுசா வச்சாலும் பாதிதான் தெரியும். கடைசில என் தோள்ல கெடந்த துண்ட எடுத்து தலையோட கேமராவ மூடி, பழைய ஸ்டூடியோக்காரர் கருப்புத்துணிக்குள்ள தலைய விட்ட மாதிரி விட்டு எடுத்தேன். நல்லா வேல செஞ்சுது. பாத்தவன் எல்லாம் சிரிச்சான், சிரிக்கட்டும். இந்த ஒரு கொறை மட்டும் உங்களுக்கு தாங்காதுன்னா பேனசானிக் லூமிக்ஸ்ல டிஇசட்90, டிஇசட்95ன்னு இருக்கு, ஜூம் 30 எக்ஸ்தான், 720ல நின்னுரும், ஆனா வியூஃபைண்டர் உண்டு, ரா உண்டு, ஸ்கிரீன தொட்டு போக்கஸ் வைக்கலாம். வெயில்லயே நாள் முழுக்க நிக்கவங்களுக்கு அதுதான் நல்லதுன்னு என் எண்ணம். நான் ஏன் அத வாங்கலன்னா அத்தான் பெட்டில அது இல்ல.

கேனான் ஸ்கிரீன் மேல் பக்கமா மட்டும்தான் மடங்கும், முழுசா 180 டிகிரி மடக்கி செல்ஃபி எடுக்கலாம், தரையோட வச்சு கோழிக்குஞ்சு எடுக்கலாம், ஆனா கூட்டத்துல கைய தூக்கி எடுக்கணும்னா கீழ் பக்கமா சாயாது. ஆனித் தேரோட்டத்துல இத வச்சு திண்டாடிட்டேன். நெல்லையப்பர் தேர் நெலைய விட்டு அசையுது, முன்னாடி ஆயிரம் தல, அதுக்கு மேல ஆயிரம் செல்போன். அப்ப தோணுனது, கேமராவ தலகீழா பிடிச்சா மேல மடங்குத ஸ்கிரீன் கீழ மடங்குததா ஆயிருமேன்னு. பிடிச்சேன். படம் தலகீழா வரும், வீட்டுல வந்து திருப்பிக்கிடலாம், அவ்வளவுதான. அன்னைக்கு எடுத்ததுல நல்லதெல்லாம் தலகீழா எடுத்ததுதான்.

அதுக்கு அடுத்த ரவுண்டு ரதவீதில தெரிஞ்சவங்க வீட்டு மச்சுல எடம் கெடச்சுது. அங்கதான் இந்த கேமரா தன் கூலிய ஒழுங்கா சம்பாரிச்சுது. 24ல வச்சா வீதி, தேரு, ரெண்டு பக்கத்து மாடில நிக்க சனம் எல்லாம் ஒரே படத்துல. அப்படியே நின்ன எடத்துல இருந்து ஜூம் போட்டா வடம் பிடிக்கவங்க கை மட்டும். ஒரு பெரியவர், அறுபது வயசு இருக்கும், வடத்த இழுக்க இழுக்க கழுத்து நரம்பு பொடைச்சு நிக்கி, நெத்தில துன்னூறு வேர்வைல கரஞ்சு புருவத்துக்கு இறங்குது, வாய் என்னமோ சொல்லுது, சத்தம் இங்க கேக்கல. மச்சுல இருந்துக்கிட்டு அந்த வேர்வைய பாத்தேன்ல, போன்ல அது நடக்காது. பகல், ஆனி மாச வெயில், வெளிச்சம் வேண்டிய மட்டும். பருப்பு சென்சாருக்கு அதுதான் சாப்பாடு.

அதே கேமராவ ராத்திரி கொடைக்கு கொண்டு போனேன், எங்க அம்மா ஊர்ல மாடன் கோயில் கொடை, அதான் கோயில் திருவிழா. சாமக்கொடைல சாமியாடி வெறி வந்து ஆடுதாரு, நையாண்டி மேளம் காத பொளக்கு, தீவட்டிய சுத்துதாங்க, நான் பின்னாடி நின்னு நல்லா ஜூம் பண்ணி எடுக்கேன். வந்து பாத்தா ஒண்ணு கூட உருப்படியா இல்ல, எல்லாம் கோடு கோடா இழுத்து, ரவைய அள்ளி தெளிச்ச மாதிரி இருக்கு. ஏன்னா கணக்கு இப்படி: ஜூம் இல்லாதப்ப கண்ணு எஃப் 3.3 வரைக்கும் தொறக்கும், முழு ஜூம்ல 6.9. அப்படின்னா உள்ள போற வெளிச்சம் நாலுல ஒரு பங்கு கூட இல்ல. சென்சார் வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்க ஐஎஸ்ஓவும் 3200தான் உச்சம், அதுக்கே ரவை தெரியும். அதனால ராத்திரில ஜூம மறந்துருங்க, காலால நடந்து முன்னாடி போங்க, 24லயே எடுங்க. ஷட்டர 50ல ஒண்ணு இல்ல 100ல ஒண்ணுல வைங்க, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில சீரியல் செட்டும் டியூப்லைட்டும் கண்ணுக்கு தெரியாம செகண்டுக்கு 100 தடவ மின்னும், வேற வேகத்துல எடுத்தா படத்துல பட்டை பட்டையா கருப்பு விழும். இவ்வளவு பண்ணியும் பக்கத்துல என் மச்சினன் புது போன்ல ஒரு தட்டு தட்டி எடுத்தான் பாருங்க, அது நல்லா இருந்துச்சு. மனசு விட்டு சொல்லுதேன், ராத்திரில போன்தான் ஜெயிக்கும். கொடைக்கு இப்ப கேமராவ கொண்டு போறதில்ல, சாமி கும்பிடத்தான் போறேன்.

ராத்திரில இது ஜெயிக்க ஒரே எடம் நெலா. அது வெயில் அடிக்க பொருள்தான, வெளிச்சத்துக்கு பஞ்சமில்ல. எல்லாத்தையும் நாமளே வைக்க எம் மோடுல ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 250ல ஒண்ணு, கண்ணு 6.9, முழு ஜூம், கைப்பிடிச்செவத்துல வச்சு ரெண்டு செகண்ட் டைமர். படத்தோட ஒசரத்துல மூணுல ஒரு பங்குக்கு நெலா வரும், உள்ள இருக்க பள்ளமெல்லாம் தெரியும். ஆட்டோல எடுத்தா வெறும் பல்பு.

கிட்டத்துல எடுக்கதும் நல்லா இருக்கு, ஜூம் இல்லாம 1 சென்டிமீட்டர் வரைக்கும் போலாம், ஆனா லென்ச அவ்வளவு கிட்ட கொண்டு போனா அதோட நெழலே பொருள் மேல விழும். அல்வாவ அப்படி எடுக்கப்போய் மூக்குல, ச்சே, லென்சுல நெய் ஒட்டிக்கிட்டு. பட்டாம்பூச்சின்னா கிட்ட போவாதீங்க, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு ஜூம்ல எடுங்க, அதுவும் பறக்காது, பின்னாடியும் அழகா மங்கலாவும்.

இப்ப என் முட்டாள்தனம் ஒண்ணு. உவரிக்கு போயிருந்தோம், கப்பல் மாதா கோயில் மேல ஏரோப்பிளேன் மாதிரி கட்டிருப்பாங்கல்லா, அத ஜூம் பண்ணி எடுத்துட்டு, அப்படியே கடக்கரைக்கு இறங்கிட்டேன், லென்சு நீட்டுன மேனிக்கே கழுத்துல தொங்குது. காத்து அடிச்சுது. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணுனா 'கர்ர்'னு ஒரு சத்தம், அம்மிக்கல்லு மாதிரி. இந்த மாதிரி உள்ள போய் வெளிய வாற லென்சுக்கு மணல்தான் எமன், அந்த கொழாய் இடுக்குல ரெண்டு மணி போனாலும் போதும். ஜங்ஷன் பக்கம் ரிப்பேர் கடைல காட்டுனேன், அந்த அண்ணாச்சி காதுகிட்ட வச்சு சத்தத்த கேட்டுட்டு "தொறந்தா செலவு, தொறக்காம பாப்போம்வே"ன்னு லென்ச கீழ பாக்க பிடிச்சு, ஊதுத பல்பால ஒவ்வொரு இடுக்கா ஊதி, ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு ஒரு இருபது தடவ. சத்தம் நின்னுட்டு. காசு வாங்கல, ஒரு டீ வாங்கிக்குடுத்தேன். அன்னைல இருந்து கடக்கரை, பணகுடி காத்து, எங்கயும் எடுத்து முடிச்ச உடனே ஆஃப் பண்ணி ஜிப் கவருக்குள்ள போட்டுருதேன்.

வீடியோ 4கே எடுக்கும், படம் சுத்தமா இருக்கு, மைக் சொருக எடமில்ல, காத்து சத்தத்துக்கு மெனுல விண்ட் ஃபில்டர் இருக்கு, ஆடிக்காத்துக்கு அது ஒண்ணும் பத்தாது. அவ்வளவுதான் சொல்ல இருக்கு, நான் வீடியோ ஆளு இல்ல. போனுக்கு படம் ஏத்த கேனானோட கேமரா கனெக்ட் ஆப் இருக்கு, புளூடூத்தும் வைஃபையும் சேத்து பிடிக்கும், ஒண்ணு ரெண்டு அனுப்ப சரி, நூறு படம்னா கார்ட கழட்டி ரீடர்ல போடுததுதான் வெரசலு.

பேட்டரி பேரு என்பி-13எல். கம்பெனி கணக்குக்கு 265 படம். பறவை எடுக்கவங்களுக்கு அது வராது, ஜூம முன்னும் பின்னும் ஓட்டிக்கிட்டே இருப்போம்ல, பதினோரு மணிக்கெல்லாம் செவப்பு காட்டும். பேட்டரிய கழட்டி கூட வந்த சார்ஜர்ல மாட்டி ஏத்துத ரகம், அதனால ரெண்டாவது பேட்டரி ஒண்ணு கேமராவோடயே வாங்கிருங்க, பின்னாடி பாத்துக்கிடலாம்னு விடாதீங்க.

அப்ப யாரு வாங்கலாம்? பகல்ல சுத்துதவங்க, குளம், தேரு, பள்ளிக்கூட வெளையாட்டு விழா, பிள்ளைய மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருந்து பிடிக்கணும்னு நெனைக்க அப்பன் அம்மா, கனத்த பையத் தூக்க முடியாதவங்க. கல்யாண மண்டபம், ராத்திரி கச்சேரின்னு சொல்லுதவங்க போன்லயே இருந்துக்கோங்க. புதுசா வாங்கணுமா பழசான்னு கேட்டா, பழசுன்னா ஒண்ணு மட்டும் பாருங்க, ஜூம முழுசா வெளிய விட்டு உள்ள இழுத்து, காதுகிட்ட வச்சு, சத்தம் வழுக்கிட்டு போவுதா இல்ல நறநறங்குதான்னு. நறநறன்னா வெல கேக்காம வந்துருங்க.

போன மாசம் திரும்பவும் கூந்தன்குளம் போனேன். அந்த பாட்டிக்கு மைனஸ் மூணுல ரெண்டு வச்சு எடுத்த நாரைய வண்ணாரப்பேட்டைல 6க்கு 4 சைஸ்ல கழுவி கொண்டு போயிருந்தேன். வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாங்க. "ஆமா, ரோசு இருக்கு"ன்னாங்க. அப்புறம் ஓரத்துல வெரல வச்சு, "கீழ இருக்க குஞ்சு தல வெட்டுப்பட்டுட்டே எய்யா, அது போன மழைக்கு கீழ விழுந்து நாங்க மீன் குடுத்து வளத்தது, அதையுஞ்சேத்து பெருசா ஒண்ணு கொண்டா, சாமி படம் அளவுக்கு இருக்கட்டும்"ன்னாங்க. 960ல எடுத்தது அது. இந்த ஞாயிறு கொஞ்சம் ஜூம கொறைச்சு எடுக்கணும், ஏழு மணிக்கு முன்னாடி போவணும்.